முப்பதாவது பட்டாணி

ஹிஸ்கே: …ஆமான்னு சொல்லுங்க அத்தான். ஒரே ஒரு வார்த்தை. வாய் வலிக்கவா போகுது?

ஃபொப்பே: பார்க்காம எப்படி ஆமாங்கிறது?

ஹிஸ்கே: மூக்குக்கு நேரா நிக்குது. சாம்பல் நாரை.

ஃபொப்பே: வேலிக்கம்பா இருக்கும்.

ஹிஸ்கே: வேலிக்கம்பு மீன் தின்னுமா? இப்பதான் ஒண்ண முழுங்குச்சு.

ஃபொப்பே: …சரி. ஆமா.

ஹிஸ்கே: போடுங்க பட்டாணிய.

ஃபொப்பே: போட்டாச்சு. டப்பாவுல டங்குன்னு கேட்டுச்சா? அப்புறம் நான் போடலன்னு ரொட்டி வாங்க வர்றவங்ககிட்டல்லாம் சொல்லாத.

ஹிஸ்கே: எத்தனை ஆச்சு?

ஃபொப்பே: பதினாலு. இன்னும் பதினாறு வேணும். நடக்கிற காரியமா இது? எந்திரி, வீட்டுக்குப் போய் அடுப்புப் பக்கத்துல உக்காருவோம். உங்க அக்கா சூடா ஏதாவது வச்சிருப்பா.

ஹிஸ்கே: சர்ச்ல பன்னெண்டு மணி அடிக்கிற வரைக்கும் பறவை பார்க்கிற இந்தப் பலகைக் கூண்டை விட்டு நகர மாட்டேன். வேணும்னா நீங்க போங்க.

ஃபொப்பே: நான் எப்படிப் போறது? நான் போயிட்டா நீ காக்காவைக் கழுகுன்னுவ.

ஹிஸ்கே: நீங்க கழுகைக் காக்கான்னு சொல்றதை விட அது தேவலை.

ஃபொப்பே: கூட்டத்துல வாயக் குடுத்தது யாரு? எங்க சறுக்குச் சங்கத் தலைவன் ரின்சே அவன் பாட்டுக்குச் சொன்னான்… “உறைஞ்ச ஏரியில எந்தப் பறவை இருக்கப்போகுது, நாணல் பக்கத்தையும் ஐஸ் சறுக்குப் பாதைக்குக் குடுத்துருங்க”ன்னு. நீ விசுக்குன்னு எந்திரிச்சு…

ஹிஸ்கே: பின்ன? நாணலை அறுப்பானாம், விளக்கு நடுவானாம், பாட்டு போடுவானாம், நடுவுல ஒரு சூப்புக் கடையாம்! ஒரு தடவை நாணல் போச்சுன்னா இங்க ஒரு ரெக்கையாவது திரும்பி வருமா?

ஃபொப்பே: அதுக்காக? “ஏரி கல்லா இறுகிக் கிடக்கட்டும், அதுல முப்பது வகை காட்டுறேன், காட்டலன்னா அறுத்துக்கோ”ன்னா சபதம் போடுவாங்க? முப்பது! பத்துன்னு சொல்லியிருக்கக் கூடாதா?

ஹிஸ்கே: கோபத்துல வாயில வந்துருச்சு.

ஃபொப்பே: தோத்தவங்க ஊருக்கே பட்டாணி சூப்பு காய்ச்சணும்னு வேற நீதான் சொன்ன.

ஹிஸ்கே: சூப்பு என்ன சூப்பு, காய்ச்சிட்டுப் போறேன். “உன் கண்ணை மட்டும் நம்ப முடியாது, எங்க சங்கத்து ஆளும் கூட இருக்கணும், ரெண்டு பேரும் ஆமான்னாத்தான் கணக்கு”ன்னாங்களே, அதுக்குப் போய் உங்களை அனுப்பிருக்காங்க பாருங்க… அதுதான் என் தலையெழுத்து.

ஃபொப்பே: ஏன், எனக்கென்ன குறைச்சல்? சறுக்குச் சங்கத்துக்கு இருபது வருஷமா ஐஸ் மேஸ்திரி. என் வாயிலேருந்து ஆமாங்கிற வார்த்தை லேசுல வராதுன்னு அவங்களுக்குத் தெரியும்.

ஹிஸ்கே: ஊருக்கே தெரியும். எங்க அக்காவைக் கட்டிக்க ஆமான்னு சொல்ல மூணு குளிர்காலம் எடுத்துக்கிட்டவராச்சே.

ஃபொப்பே: ஐஸோட கனம் பார்க்காம காலை வைக்க மாட்டேன். தொழில் புத்தி.

ஹிஸ்கே: இதை அக்காகிட்ட சொல்லவா?

ஃபொப்பே: சொல்லித்தான் பாரேன், அப்புறம் நாமக்கோழிக்குக்கூட ஆமா கிடையாது.

ஹிஸ்கே: நாமக்கோழிதான் முதல் பட்டாணியே! …சரி, விடுங்க. நாணல் ஓரத்துல பாருங்க. ஏரி பூரா வெள்ளையா கெட்டிச்சுப் போச்சு, அங்க மட்டும் எப்படித்தான் தண்ணி தெறந்து கிடக்குதோ.

ஃபொப்பே: அன்னம்தான். அதுங்க ராவும் பகலும் நீந்திக்கிட்டே இருக்குதுல்ல, அதுல உறைய மாட்டேங்குது.

ஹிஸ்கே: அதான். அன்னம்தான்.

ஃபொப்பே: வேற யாரு.

ஹிஸ்கே: நானும் அதையேதான் சொல்றேன்.

ஃபொப்பே: …ம்.

ஹிஸ்கே: …ம். அந்த அன்னத்துக்கு எப்பவோ பட்டாணி போட்டாச்சு. அதுக்குப் பின்னாடி…

ஃபொப்பே: பின்னாடி இருக்கிற ரெண்டும் வேற. அலகு மஞ்சள் பாரு. வடக்கேருந்து வந்தது. கத்துறதைக் கேளு, ஊதுகுழல் மாதிரி.

ஹிஸ்கே: அடடே! எதிர்க்கட்சிக்காரர் எடுத்துக் குடுக்குறாரே!

ஃபொப்பே: நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல.

ஹிஸ்கே: “எல்லாம் வாத்துதான், எல்லாம் ஒண்ணுதான்”னு கூட்டத்துல சொன்ன நியாயமா?

ஃபொப்பே: பட்டாணி வேணுமா வேணாமா?

ஹிஸ்கே: வேணும் வேணும். ஆமா!

ஃபொப்பே: ஆமா. …டங்.

ஹிஸ்கே: வாயால டங் சொல்லாதீங்க, நிஜமா போடுங்க.

ஃபொப்பே: போட்டேன்பா! இதுக்கு மேல டப்பாவைத் திறந்து காட்டணுமா? அந்த சர்க்கரை ரொட்டிய இப்படித் தள்ளு. …ஆகா. என்ன குத்தம் சொன்னாலும் உன் கடை ரொட்டிய மட்டும் சொல்ல முடியாது. ஏன், நீ கையுறையக் கழட்டாமயா தின்னுற?

ஹிஸ்கே: குளிருது.

ஃபொப்பே: குளிரா? தினம் அடுப்புக்குள்ள கைய விட்டு ரொட்டி எடுக்கிறவளுக்கு?

ஹிஸ்கே: அதனாலதான் வெளியில வந்தா அதிகமா குளிருது. நீங்க ஏன் ஒரு பக்கமா கோணிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? முதுகு இன்னும் சரியாகலையா?

ஃபொப்பே: பால் கேன் தூக்கினேன், பிடிச்சுக்கிச்சு. செவ்வாய், புதன் ரெண்டு நாளும் புரளக்கூட முடியல.

ஹிஸ்கே: உங்க கொட்டகையில பால் குழாய்லதானே போகுது? கேன் எங்கேருந்து வந்துச்சு?

ஃபொப்பே: …அதோ! அதோ தட்டைவாயன் வாத்து! ஆமா! நான் ஆமா சொல்லிட்டேன்!

ஹிஸ்கே: ஆமா! அட, இது என்ன வேகம்.

ஃபொப்பே: கண்ணுல பட்டுச்சு, சொன்னேன்.

ஹிஸ்கே: பக்கத்துல கிளுவை. அதுக்கும் ஆமாவா?

ஃபொப்பே: ஆமா. …உங்க அக்காவைப் பத்தி ஒண்ணு சொல்லணும், கேளு. கொட்டகையில என் ரம்பம் தொங்கும்ல, பெருசு… அதை யாரோ எடுத்திருக்காங்க. வியாழக்கிழமை போய்ப் பார்த்தா தலைகீழா மாட்டியிருக்கு. பிடியில வெள்ளையா ஏதோ ஒட்டியிருக்கு, சுண்ணாம்பு மாதிரி. கேட்டா, “உங்க ரம்பத்தை நான் ஏன் தொடப்போறேன்”னு சண்டைக்கு வர்றா.

ஹிஸ்கே: அக்கா பொய் சொல்ல மாட்டா. …ஆமா, முதுகு பிடிச்சு நடக்கவே முடியாதவருக்கு வியாழக்கிழமை ரம்பம் எதுக்கு?

ஃபொப்பே: மரம் வெட்ட.

ஹிஸ்கே: எந்த மரம்?

ஃபொப்பே: இருக்கு… ஒரு மரம்.

ஹிஸ்கே: உங்க நிலத்துல மரமே… அத்தான்! கன்னியாஸ்திரி! கன்னியாஸ்திரி வந்திருக்கு!

ஃபொப்பே: ஜோடியாவா?

ஹிஸ்கே: ஆண் மட்டும். என்ன வெள்ளை பாருங்க! கண்ணைச் சுத்தி மை இழுத்த மாதிரி. பேரு வச்சவன் ரசிச்சு வச்சிருக்கான்.

ஃபொப்பே: ஆம்பளை வாத்துக்குக் கன்னியாஸ்திரின்னு பேரு வச்சவனைப் போய் ரசிகன்ங்கிற. ஆமா, ஆமா, போட்டாச்சு.

ஹிஸ்கே: இப்ப எத்தனை?

ஃபொப்பே: பதினெட்டு.

ஹிஸ்கே: நான் பத்தொம்பதுன்னு நினைச்சேன்.

ஃபொப்பே: நினைச்சா பட்டாணி விழுமா?

ஹிஸ்கே: …எல்லாம் ஏன் ஒரேயடியா அமைதியாயிடுச்சு?

ஃபொப்பே: மேல பாரு. பூனைப்பருந்து.

ஹிஸ்கே: ஆமா! நாணலைத் தடவிக்கிட்டே வருது… ஐயோ, எல்லாம் கிளம்பப் போகுது. டப்பாவைத் தயாரா வச்சுக்கோங்க…

ஃபொப்பே: கிளம்பிருச்சு!

ஹிஸ்கே: ஊசிவால்! ரெண்டு!

ஃபொப்பே: ஆமா!

ஹிஸ்கே: விசில் அடிக்குதே, நாமத்தலை வாத்து! கூட்டமா!

ஃபொப்பே: ஆமா! இடது பக்கம் உள்ளான், கோணல் மாணலாப் போகுது பாரு!

ஹிஸ்கே: ஆமா! அந்தக் கறுப்பு… குடுமி வச்சது!

ஃபொப்பே: குடுமி வாத்து, ஆமா! மெதுவா சொல்லு, பட்டாணி கையில நிக்க மாட்டேங்குது… ஐயோ, ஒண்ணு கீழ விழுந்துருச்சு!

ஹிஸ்கே: எடுங்க! எடுங்க!

ஃபொப்பே: குனிய முடியலன்னு தெரியுமில்ல… நீ எடு!

ஹிஸ்கே: நான் கண்ணை எடுத்தேன்னா போச்சு! வேற ஒண்ணு போடுங்க!

ஃபொப்பே: எண்ணித்தான் முப்பது கொண்டு வந்தேன்! …இந்தா, எடுத்துட்டேன். அம்மாடி. முதுகு மடக்குன்னுச்சு.

ஹிஸ்கே: அத்தான், நாணல் உச்சியில தாடிக்காரன். ஒண்ணு… மூணு… ஒரு குடும்பமே ஊஞ்சல் ஆடுது.

ஃபொப்பே: அந்தப் பொடிக்குருவிதானே? ஆமா. அழகா இருக்கு… இருக்கட்டும். ஆமான்னுதான் சொன்னேன், அழகுன்னு சொல்லல.

ஹிஸ்கே: ரெண்டும் கேட்டுச்சு.

ஃபொப்பே: காத்து அடிக்குது, உனக்குத் தப்பா கேட்டிருக்கும்.

ஹிஸ்கே: அசையாதீங்க.

ஃபொப்பே: என்ன?

ஹிஸ்கே: நீலம்.

ஃபொப்பே: …கம்புலயா? வலது பக்கம் சாஞ்ச கம்பு?

ஹிஸ்கே: ஆமா. எப்படித் தெரியும்? நீங்க இன்னும் திரும்பவே இல்லையே.

ஃபொப்பே: அது எப்பவும் அங்கதான் உக்காரும்.

ஹிஸ்கே: எப்பவுமா?

ஃபொப்பே: மீன்கொத்தி கம்புல உக்காராம நாற்காலியிலயா உக்காரும்?

ஹிஸ்கே: சும்மா கேட்டேன். …நம்ம பாஷையில இதுக்குப் போய் ஐஸ்பறவைன்னு பேரு. ஐஸ் இறுகினா முதல்ல பட்டினியில சாகுறதே இதுதான்.

ஃபொப்பே: தெரியும்.

ஹிஸ்கே: உங்களுக்கா?

ஃபொப்பே: பெரிய சறுக்குப் பந்தயம் நடந்த வருஷம்… ஐஸ் பார்க்கக் காலையில வந்தேன். கண்ணாடி மாதிரி ஐஸ், ஒரு கீறல் கிடையாது. காலுக்குக் கீழ நீலமா ஏதோ தெரிஞ்சுது. யாரோ கைக்குட்டையத் தொலைச்சுட்டாங்கன்னு குனிஞ்சேன். உள்ள… ரெக்கைய விரிச்சபடியே இருந்துச்சு.

ஹிஸ்கே: அத்தான்… இத்தனை வருஷத்துல நீங்க சொன்னதே இல்லையே.

ஃபொப்பே: ஐஸ் மேஸ்திரி சொல்லிக்கிற கதையா அது? அன்னிக்கு ஊரே என் ஐஸைக் கொண்டாடுச்சு, தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு ஆடினாங்க. நான் அந்த நீலத்தையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

ஹிஸ்கே: இது உயிரோட இருக்கு. பாருங்க. …முங்குச்சு! …வந்துருச்சு, வாயில மீனு!

ஃபொப்பே: ஆமா. ஆமா. ஆமா.

ஹிஸ்கே: ஒரு பட்டாணிக்கு ஒரு ஆமா போதும்.

ஃபொப்பே: மூக்கு ஒழுகுது, கைக்குட்டை இருக்கா?

ஹிஸ்கே: இந்தாங்க. மூக்கை மட்டும் துடைச்சுக்கோங்க, கண்ணை விட்டுருங்க, அது குளிர்தான்.

ஃபொப்பே: வாயாடி. …அந்தப் பக்கம் நீர்க்காகம் ரெக்கைய காய வைக்குது, அதைச் சொல்லிட்டியா?

ஹிஸ்கே: இல்ல! ஆமா! முக்குளிப்பான், பக்கத்துலயே!

ஃபொப்பே: ஆமா. தாழைக்கோழி நாணலுக்குள்ள ஓடுது.

ஹிஸ்கே: ஆமா! ஐஸ் மேல கடற்புறா நிக்குதே, பெருசு, கறுப்பு முதுகு…

ஃபொப்பே: ஆமா. …ஹிஸ்கே, ஒரு நிமிஷம் இரு. டப்பாவை எண்ணிட்டேன். இருபத்தொம்பது.

ஹிஸ்கே: …நிஜமாவா?

ஃபொப்பே: ரெண்டு தடவை எண்ணினேன். கையில ஒரே ஒரு பட்டாணிதான் மிச்சம்.

ஹிஸ்கே: மணி?

ஃபொப்பே: அடிக்கப் போகுது.

ஹிஸ்கே: ஒண்ணே ஒண்ணு… கடவுளே, ஒரு சிட்டுக்குருவியாவது வரக் கூடாதா?

ஃபொப்பே: …மெதுவா. பேசாம நாணலைப் பாரு. மூணாவது கொத்து. குருகு.

ஹிஸ்கே: எங்க?

ஃபொப்பே: அலகை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கிட்டு, நாணலோட நாணலா நிக்குது. காத்துல நாணல் ஆடினா அதுவும் கூடவே ஆடுது, கள்ளன்.

ஹிஸ்கே: எனக்கு நாணல்தான் தெரியுது.

ஃபொப்பே: என் விரலைப் பாரு. அதுக்கு நேரா.

ஹிஸ்கே: நாணல்… நாணல்… எல்லாம் நாணல்.

ஃபொப்பே: நான் ஆமா சொல்லிட்டேன். நீயும் சொல்லு, முடிஞ்சுது.

ஹிஸ்கே: பார்க்கலையே.

ஃபொப்பே: அட, எதிர்க்கட்சிக்காரன் நானே சொல்றேன்! நானா பொய் சொல்லப்போறேன்?

ஹிஸ்கே: நீங்க பார்த்தீங்க. நான் பார்க்கல. பார்க்காததுக்கு ஆமா போட்டா, இன்னிக்குப் பார்த்த இருபத்தொம்பதுக்கும் என்ன மதிப்பு?

ஃபொப்பே: உன் நாணல் போயிடும் ஹிஸ்கே!

ஹிஸ்கே: தெரியும். தெரியாமயா சொல்றேன்? விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு மாவு பிசையிறேன், கடைய மூடினதும் இங்கதான் ஓடி வர்றேன். இது போச்சுன்னா எனக்கு மூச்சு விடவே இடமில்ல. ஆனா முடியாது அத்தான். பார்க்கல.

ஃபொப்பே: பிடிவாதத்துல அக்காவைத் தூக்கிச் சாப்பிட்டுருவ நீ. சரி, பாரு. இமைக்காம பாரு.

ஹிஸ்கே: பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்… கண்ணுல தண்ணி வந்து மறைக்குது.

ஃபொப்பே: அழாத.

ஹிஸ்கே: அழல! …என்ன அது சர்ருன்னு சத்தம்?

ஃபொப்பே: போச்சு. ரின்சே. சறுக்கிக்கிட்டு நாணல் பக்கமா வர்றான். சங்கத் தலைவர் நேர்லயே பார்க்க வர்றாராம்.

ரின்சே: ஃபொப்பேண்ணே! மணி ஆச்சு! எத்தனை தேறுச்சு? பத்தாவது இருக்கா?

ஹிஸ்கே: கத்தாதடா! அந்தப் பக்கம் வராத!

ரின்சே: ஹிஸ்கேக்கா, சூப்புக்குப் பானை வேணும்னா எங்க வீட்ல பெருசா… ஐயோ அம்மா! என்னது! காலடியிலேருந்து என்னவோ…

ஹிஸ்கே: குருகு! அத்தான், குருகு! பறக்குது! ஆமா! ஆமா! ஆமா!

ஃபொப்பே: ஆமா! இந்தா விழுந்துச்சு! டங்!

ஹிஸ்கே: முப்பது!

ஃபொப்பே: முப்பதுடா! ஊரே கேட்டுக்கோ, முப்பது! …இப்ப அடிக்குது பாரு மணி. இப்பதான் அடிக்குது!

ரின்சே: மூஞ்சியில ரெக்கையால அறைஞ்சுட்டுப் போகுது… கோழியா அது? ஆந்தையா?

ஃபொப்பே: நீயும் பார்த்தியா, பார்க்கலையா?

ரின்சே: என்னண்ணே கேள்வி? என் தொப்பியவே தட்டி விட்டுருச்சு!

ஃபொப்பே: சங்கத் தலைவரும் ஆமா சொல்லிட்டாரு. மூணு ஆமா. நீ வரலன்னா அது அசைஞ்சிருக்கவே இருக்காது ராஜா. நீ நல்லா இருக்கணும்.

ரின்சே: ஒரு நிமிஷம் இருங்க. முப்பதுன்னா… எப்படி? ஏரிதான் இறுகிக் கிடக்கே. இந்தத் தண்ணி மட்டும்… இது என்ன, ஓரம் இவ்வளவு நேரா இருக்கு? இது ரம்பத்துல அறுத்தது! எவனோ ஐஸ்ல ஓட்டை போட்டிருக்கான்!

ஹிஸ்கே: ரின்சே, அதை…

ரின்சே: ஃப்ரீஸ்லாந்துல பொறந்தவன் எவனாவது இந்தக் காரியத்தைப் பண்ணுவானா? அடுத்தவன் மாட்டைத் திருடுறவனைக்கூட மன்னிக்கலாம், ஐஸைக் கெடுக்கிறவனை…! இந்தக் கணக்கு செல்லாது. யாரு பண்ணினதுன்னு தெரியணும்.

ஹிஸ்கே: சொல்றேன் கேளு, அந்த ரம்பம்…

ஃபொப்பே: நீ சும்மா இரு ஹிஸ்கே. ரின்சே, நான்தான் போட்டேன்.

ரின்சே: …அண்ணே?

ஃபொப்பே: சங்கத்து விதியச் சொல்லு. ஐஸ் மேஸ்திரி தினமும் என்ன பண்ணணும்?

ரின்சே: ஓட்டை போட்டு ஐஸோட கனம் பார்க்கணும். ஆனா அது…

ஃபொப்பே: போட்டேன். பார்த்தேன்.

ரின்சே: அது கட்டைவிரல் அளவு ஓட்டைண்ணே! இதுல உங்க மாட்டுக் கொட்டகைய இறக்கலாம்!

ஃபொப்பே: ஓட்டை இத்தனை பெருசுதான் இருக்கணும்னு விதியில இருக்கா?

ரின்சே: …இல்ல.

ஃபொப்பே: விதியப் போட்டது யாரு?

ரின்சே: எங்கப்பா.

ஃபொப்பே: அப்ப வீட்டுக்குப் போய் அவரோட சண்டை போடு. எனக்கு வயசாச்சு, கண்ணு மங்கல். பெருசா போட்டாத்தான் கனம் தெரியுது.

ஹிஸ்கே: நாணலுக்குள்ள குருகைக் கண்டுபிடிச்ச கண்ணு!

ஃபொப்பே: நீ எந்தக் கட்சி? …ரின்சே, அந்தப் பக்கத்து ஐஸ்ல நீ சறுக்கிட்டுத்தானே வந்த? ஒரு கீறல் இருந்துச்சா?

ரின்சே: இல்லண்ணே. கண்ணாடி.

ஃபொப்பே: அதுவும் நான் பார்த்துக்கிட்டதுதான். அந்தப் பக்கம் உனக்கு, ஆசை தீரச் சறுக்கு. இந்தப் பக்கம் இதுங்களுக்கு. ஐஸ் மேஸ்திரி சொல்றேன். வேற மேஸ்திரி வேணும்னா தேடிக்கோ.

ரின்சே: உங்களை விட்டா யாருண்ணே… சரி. தோத்தாச்சு. ஊருக்கே சூப்பா?

ஃபொப்பே: ஊருக்கே. இந்தா டப்பா, முப்பது பட்டாணி இருக்கு. மீதிய நீ வாங்கிக்கோ.

ரின்சே: …அக்கா, அது திரும்பி வருமா? என் தொப்பியத் தட்டின அது?

ஹிஸ்கே: நாணல் இருந்தா வரும்.

ரின்சே: ம். …நல்லாத்தான் இருந்துச்சு. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. வர்றேன்.

ஹிஸ்கே: போயிட்டான்! அத்தான், நம்ம ஜெயிச்சுட்டோம்! எனக்குக் கத்தணும் போல இருக்கு!

ஃபொப்பே: “நம்ம”ளா? நான் தோத்த கட்சிம்மா.

ஹிஸ்கே: தோத்த கட்சி ஏன் பல்லெல்லாம் தெரிய சிரிக்குது? …எத்தனை வருஷமா அத்தான், இந்த ஓட்டை?

ஃபொப்பே: ஐஸுக்குள்ள அந்த நீலத்தைப் பார்த்ததுலேருந்து. ஏரி உறைஞ்சா, பால் கறந்து முடிச்ச கையோட வந்துருவேன். ஊர் எந்திரிக்கிறதுக்குள்ள முடிச்சுருவேன்.

ஹிஸ்கே: அப்ப முதுகு…

ஃபொப்பே: பால் கேன் இல்ல.

ஹிஸ்கே: அது எனக்கு அப்பவே தெரியும்.

ஃபொப்பே: ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபடல. செவ்வாயும் புதனும் படுக்கையில கிடந்தேனா… குளிர்னா அந்த ரெண்டு ராத்திரிதான் குளிர். எல்லாம் மூடியிருக்கும், அந்த ஐஸ்பறவை செத்திருக்கும்னு அழுதுக்கிட்டேதான் வியாழக்கிழமை நொண்டி நொண்டி வந்தேன். வந்து பார்த்தா தண்ணி தெறந்தபடியே கிடக்கு! அன்னம் அன்னம்னு நான் ஊரை ஏமாத்திக்கிட்டிருந்தேன், நிஜமாவே அன்னம்தான் போல.

ஹிஸ்கே: கையுறையக் கழட்டட்டுமா?

ஃபொப்பே: இப்ப எதுக்கு… ஐயையோ! என்ன இது, உள்ளங்கை பூரா கொப்புளம்!

ஹிஸ்கே: ரம்பத்துப் பிடியில ஒட்டியிருந்தது சுண்ணாம்பு இல்ல அத்தான். மாவு.